பூட்டிய வீடுகளின் மனநிறைவு

தர்மலிங்கம் இறந்து பதினோரு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள். அந்தப் பதினோரு நாளும் அவர் வீட்டுக்கு நலமானி போட்ட மதிப்பெண் தொண்ணூற்றேழு. மறுகுடியேற்ற நகர்களில் இருக்கிற ஒன்பதாயிரம் வீடுகளில் அந்த மாதம் அதுதான் முதலிடம்.

பல்கலைக்கழகத்தின் நகரத் திட்டமிடல் துறையில், தன் மேசையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டபடி பவதாரணி அந்த அறிக்கையைப் படித்தாள். பாதிச் சாதத்துக்கு மேல் இறங்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "செத்தவனுக்கு என்ன கவலை? மிஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு," என்றார். அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பவதாரணிக்குச் சிரிப்பு வரவில்லை. தர்மலிங்கம் போன வருஷம்வரை புதுக்கரை நகர் நாலாம் தெருவில் இருந்தவர். ஏழாம் தெருவில் அவளுடைய அக்கா ஹேமலதா இருக்கிறாள்.

நலமானிக்குப் பேர் வைத்தது பேராசிரியர் இருதயராஜ். நல்ல மனுஷர், அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு ஊர் சனம் சந்தோஷமாக இருக்கிறதா என்று தெரியாமல் அந்த ஊருக்கு எப்படித் திட்டம் போடுவது என்று இருபது வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டவர். மாதாமாதம் வீடு வீடாகப் போய்க் கேட்க ஆள் ஏது? அதனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் நானூறு வீடுகளை ஒரே ஒரு தடவை விலாவாரியாகக் கேட்டார்கள். அவர்கள் சொன்ன பதிலை அந்தந்த வீட்டுத் தண்ணீர் மீட்டர், கரண்டு மீட்டர், தெருச் சத்தத்தை அளக்க விளக்குக் கம்பத்தில் கட்டிய காதுப்பெட்டி ஆகியவற்றோடு சேர்த்து இயந்திரத்துக்குப் புகட்டினார்கள். அப்புறம் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மீட்டரைப் பார்த்தே அந்த வீட்டு மனசு எப்படி இருக்கிறதென்று நலமானி சொல்லிவிடும்.

மாநகராட்சி அப்படியே பிடித்துக்கொண்டது. பஸ் எங்கே நிற்கலாம், தண்ணீர் எப்போது விடலாம், எந்த டீக்கடையை எடுக்கலாம், எல்லாம் நலமானி சொன்னபடி. நாற்பது மதிப்பெண்ணுக்குக் கீழேயே கிடக்கிற தெருவை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது என்று முடிவு கட்டி, ஒவ்வொரு குடும்பத்தையும் ஒவ்வொரு ஊர்ப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அலுவலகத்தில் அதற்குப் பேர் மறுபரவல். சனங்கள் கலைப்பு என்றார்கள். நாலாம் தெரு அப்படித்தான் போனது. தர்மலிங்கம் தெரியாத ஊரில், தெரியாத ஒரு கதவுக்குப் பின்னால் தனியாகச் செத்துக் கிடந்தார்.

ஏழாம் தெருவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை கெடு, அதற்குள் நாற்பதைத் தாண்டாவிட்டால் கலைப்பு. அதே வெள்ளிக்கிழமைதான் நலமானியை நகரம் முழுக்க நீட்டிக்கிற உத்தரவுக்கும் கையெழுத்து.

பவதாரணி டப்பாவை மூடிவிட்டு, கை கழுவிவிட்டு வந்து, நலமானியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தர்மலிங்கத்தின் வீட்டை எந்தெந்த வீடுகளைப் பார்த்து நீ எடை போட்டாய்?

முப்பத்தெட்டு வீடுகள் வரிசையாக வந்து நின்றன. முதல் வரி இப்படி இருந்தது: கதவு எண் 47, வீட்டுத் தலைவி செல்லக்கண்ணு, பதினெட்டுக் கேள்விக்கும் பதில் 'மிகவும் நன்று'.

அவள் அந்தப் பெயரை இன்னொரு தடவை படித்தாள். செல்லக்கண்ணு என்று ஒருத்தி உலகத்திலேயே கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு பஸ் நிழற்குடையில், ஒரு கையில் வாழைக்காய் பஜ்ஜியை வைத்துக்கொண்டு அவளை நாலே நிமிஷத்தில் உண்டாக்கினவள் பவதாரணிதான்.

அப்போது அவள் ஆய்வு மாணவி. ஆற்றோரக் குடிசைப் பகுதி முழுக்க அவள் தலையில். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு மூன்று தடவை போக வேண்டும் என்பது விதி. மூன்று தடவை போனவர் யார் என்று கேட்டால் துறையில் ஒருத்தரும் கை தூக்கமாட்டார்கள். முப்பத்தெட்டு வீட்டுக்காரர்கள் பிழைப்பில்லாமல் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள், திரும்ப மூன்று மாதம் ஆகும். சித்திரை வெயில் வேறு. அவளே எல்லாவற்றையும் நிரப்பினாள். அதிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. ஏதாவது குறை சொன்ன வீட்டுக்குத்தான் மறுபார்வைக்கு மேற்பார்வையாளர் போவார். குறையே இல்லாத வீட்டுக்கு யாரும் போகமாட்டார்கள். அதனால் பூட்டிய வீடுகள் எல்லாம் பரம சந்தோஷமாக இருந்தன.

செய்தது தப்பு என்று அன்றைக்கே தெரியும். ஆனால் இவ்வளவு பெரிய தப்பு என்று இப்போதுதான் தெரிந்தது. மிச்சமுள்ள முன்னூற்று அறுபத்திரண்டு வீடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதில் ஒரு வீடுகூட எல்லாக் கேள்விக்கும் 'மிகவும் நன்று' சொல்லியிருக்கவில்லை. கொசு என்றாவது, மருமகள் என்றாவது ஒரு குறை எல்லாருக்கும் இருந்தது.

பேராசிரியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். இருதயராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"எத்தனை வீடு?"

"முப்பத்தெட்டு, சார்."

"நானூறுல முப்பத்தெட்டு. பத்துல ஒண்ணுகூட இல்ல. இதுக்கா இப்படி வேர்த்துப்போய் நிக்கிற? எல்லா ஆய்வுலயும் கொஞ்சம் குப்பை இருக்கும்மா."

"குப்பை இல்ல சார். முழு நிறைவுன்னா எப்படி இருக்கும்னு அதுக்குக் காட்டினது அந்த முப்பத்தெட்டு வீடு மட்டும்தான். அங்க தண்ணி ஓடல, கரண்டு ஓடல, பேச்சுச் சத்தம் இல்ல. சந்தோஷம்னா இதுதான்னு அது கத்துக்கிச்சு. ஆளே இல்லாத வீடுதான் நல்லா இருக்கிற வீடு. ஆறு வருஷமா எல்லா ஊரையும் அந்தப் பக்கமாத்தான் தள்ளிக்கிட்டு இருக்கு. பஸ் ஸ்டாப்பை எடுத்தது, டீக்கடையை எடுத்தது எல்லாம் அதுக்குத்தான்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்ளவில்லை. அவர் முகத்தில் பயம் வந்து போனதை அவள் பார்த்தாள்.

"அப்படின்னா புகார் ஏன் குறையுது?" என்றார். "புதுக்கரை நகர்லேருந்து போன மாசம் ஒரு புகார்கூட இல்ல. தப்பான மிஷினா இருந்தா சனங்க சும்மா இருப்பாங்களா? இங்க பாரு, உங்க அக்கா தெருவையே பாரு."

திரையை அவள் பக்கம் திருப்பினார். ஏழாம் தெரு மூன்று வாரத்துக்கு முன்னால் முப்பத்தொன்று. இப்போது எண்பத்தெட்டு.

"கலைப்புக்கு வாய்ப்பே இல்ல. சந்தோஷப்படு," என்றார்.

பவதாரணிக்குச் சந்தோஷம் வரவில்லை. மூன்று வாரமாக அக்கா போனை எடுக்கவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டாலும், கொஞ்ச நேரம் கழித்து 'நல்லா இருக்கோம்' என்று ஒரு செய்தி மட்டும் வரும். தர்மலிங்கத்தின் தொண்ணூற்றேழும் இந்த எண்பத்தெட்டும் அவள் மண்டைக்குள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

"சார், அந்தத் தெருவில என்னமோ நடந்திருக்கு. நான் எழுதித் தர்றேன். என் வேலை போனாலும் பரவாயில்ல."

"உன் வார்த்தை தரவு ஆகாதும்மா. நீ அந்த வீட்டு ஆளு. அக்கா தெருவுக்காக நீயே கதை கட்டுறேன்னு சொல்லிடுவாங்க." அவர் எழுந்து வந்து அவள் எதிரில் நின்றார். "ஒண்ணு செய்யுறேன். வியாழக்கிழமை ஒரு ஆளை நேர்ல அனுப்புறேன். ஏழாம் தெருவில ஒவ்வொரு வீடா கேக்கட்டும். ஒரு வீடு, ஒரே ஒரு வீடு நல்லா இல்லன்னு சொன்னாப் போதும். வெள்ளிக்கிழமை கையெழுத்தை நானே போய் நிறுத்துறேன். இது சத்தியம்."

அவர் சொன்னால் செய்வார். அதனால்தான் வியாழக்கிழமை காலையிலேயே அவள் புதுக்கரை நகருக்குக் கிளம்பினாள். கேட்க ஆள் வரும்போது கதவைத் திறந்து உண்மையைச் சொல் என்று அக்காவிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பஸ் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டது. அங்கிருந்து ஒன்றரை மைல் நடை. பதினொன்றரை மணி வெயிலில் ஏழாம் தெருவுக்குள் நுழைந்தபோது அவளுக்கு முதலில் தட்டுப்பட்டது சத்தம் இல்லாததுதான். குக்கர் விசில் இல்லை, டிவி இல்லை, குழந்தை அழுகை இல்லை. கொடியில் ஒரு துணிகூடக் காயவில்லை. இருபத்தாறு வீடு. இருபத்தாறு கதவிலும் வெளியே பூட்டுத் தொங்கியது. விளக்குக் கம்பத்தில் காதுப்பெட்டிக்குக் கீழே பலகையில் பச்சை எழுத்தில் எண்பத்தொன்பது என்று எரிந்தது.

பவதாரணி அக்கா வீட்டுக்கு ஓடினாள். எல்லாரையும் எங்கே கொண்டுபோனார்கள்? சொல்லாமல் கொள்ளாமல் கலைத்துவிட்டார்களா? அக்கா வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். கதவில் காதை வைத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. அக்கா, அக்கா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அவள் குரல் தெருக்கோடிவரை போய்த் திரும்பியது. பலகையில் எண்பத்தொன்பது எண்பத்தெட்டானது.

தர்மலிங்கத்தின் கதவை உடைத்தபோது வந்த நாற்றம் பற்றி அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அது ஞாபகம் வந்து, மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தாள். அப்படி முகர்ந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்கு ஓடினாள். குளியலறைச் சுவரில் இரண்டு தகரத்தை எடுத்து ஆள் நுழைகிற அளவுக்கு வழி செய்திருந்தார்கள். சாக்குப் படுதா தொங்கியது. அது லேசாக விலகியது. ஹேமலதாவின் முகம்.

"செருப்பைக் கழட்டிட்டு வா," என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

உள்ளே இருட்டாக இருந்தது. ஜன்னலில் எல்லாம் கோரைப்பாயை அடித்து மறைத்திருந்தார்கள். மின்விசிறி ஓடவில்லை. மூலையில் சுவரோடு சாய்ந்து அக்கா புருஷன் குமரவேல் உட்கார்ந்திருந்தார். ஆஸ்துமாக்காரர். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. கையில் மடித்த துண்டு. இருமல் வரும்போதெல்லாம் அதை வாய்க்குள் திணித்துக்கொண்டார். அவருக்கு அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆவி மிஷின் ஒயர் சுற்றியபடி அலமாரியில் இருந்தது.

"மிஷினைப் போடு அக்கா, என்ன பார்த்துக்கிட்டிருக்க?"

"கரண்டு இழுக்கும்," என்றாள் ஹேமலதா.

நாலு வயசு மித்ரா தவழ்ந்து வந்து சித்தி மடியில் ஏறினாள். காதில் வாயை வைத்து, "சித்தி, வந்தியா?" என்றாள். வாசலில் கால் வைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிற பிள்ளை அது. இப்போது அந்தக் குசுகுசுப்பே அவளுக்குப் பழகிப்போன குரல் மாதிரி இருந்தது.

அக்கா சொன்னாள். "முதல் வீட்டுக்காரங்க ஒரு மாசம் கேரளாவுக்கு வேலைக்குப் போனாங்க, வீட்டைப் பூட்டிக்கிட்டு. அவங்க குழாயில மட்டும் ரெண்டு வேளை தண்ணி வந்துச்சு. அந்தக் கோடியில மட்டும் மார்க் ஏறிச்சு. நாங்க என்ன முட்டாளா? பூட்டுன வீட்டைத்தான் அதுக்குப் பிடிக்குதுன்னு புரிஞ்சு போச்சு. தெருவே கூடிப் பேசினோம். ஒருத்தர் வெளியே நின்னு எல்லா வீட்டையும் பூட்டிட்டுப் பின்பக்கமா வந்துருவாங்க. இப்ப எங்க குழாயிலயும் தண்ணி வருது."

"அப்புறமென்ன?"

"பிடிச்சா மீட்டர் ஓடும், மார்க் இறங்கும். அதனால பிடிக்கிறதில்ல. மெயின் ரோட்டு லாரியில பிடிச்சு, குடத்துக்குத் துணி சுத்தித் தூக்கிட்டு வர்றோம்."

பவதாரணி அழுதுவிட்டாள். படித்தவர்களுக்கு ஆறு வருஷமாகப் புரியாதது இந்தத் தெருவுக்கு ஒரு மாதத்தில் புரிந்திருக்கிறது. அழுதுகொண்டே, செல்லக்கண்ணு, பஸ் நிழற்குடை, முப்பத்தெட்டுப் பூட்டு, எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டினாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. ஹேமலதாவின் கை சட்டென்று வந்து அவள் வாயைப் பொத்தியது.

"மெதுவா," என்றாள். பொத்திய கையை எடுக்காமலே சொன்னாள். "நீதானாடி."

அதற்குமேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பவதாரணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இன்னிக்குக் கேக்க ஆள் வருது அக்கா. ஒரு வீடு நல்லா இல்லன்னு சொன்னாப் போதும், சார் நிறுத்திடுவாரு. நாளைக்குக் கையெழுத்தாச்சுன்னா ஊர் முழுக்க இப்படித்தான் ஆகும். எங்க தெருவும்தான். நீ சொல்லு அக்கா. உன் காலைப் பிடிக்கிறேன்."

"சொன்னா இன்னிக்கே மார்க் விழும். ஏமாத்தினோம்னு தெரிஞ்சா நாளைக்கே கலைப்பு. உங்க சார் நிறுத்துறாரோ இல்லையோ, விசாரணைன்னு ஆறு மாசம் ஓடும். அதுக்குள்ள எங்களை எங்க கொண்டுபோய்ப் போடுவாங்க?" ஹேமலதா சுவரைக் காட்டினாள். "பக்கத்து வீட்டு ஜெயசீலியக்கா நர்ஸா இருந்தவங்க. மூச்சு முட்டுறப்பெல்லாம் செவுரு ஏறிக் குதிச்சு வந்து ஊசி போடுறாங்க. அவங்க பக்கத்துல இருக்கறதாலதான் இந்த மனுஷன் உசுரோட இருக்காரு. அவங்க ஒரு ஊரு, நாங்க ஒரு ஊருன்னு ஆச்சுன்னா? நாலாம் தெரு தர்மலிங்கம் என்ன ஆனாருன்னு உனக்குத் தெரியுமா?"

பவதாரணி மடியில் இருந்த மித்ராவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குமரவேல் துண்டை வாயிலிருந்து எடுத்தார். பேச அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. "இன்னும் ஒரு நாள்தானே பவா. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடலாம்."

"நாளைக்கு அப்புறம் மாமா? அடுத்த மாசம்? நாற்பதுக்குக் கீழ போகாம எப்பவும் இப்படியே இருக்கணுமே."

அவருக்கு மறுபடி இருமல் ஏறியது. துண்டைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. வளையல் சத்தமும் கூட. ஒரு பெண். முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். "யாராவது இருக்கீங்களா? யுனிவர்சிட்டிலேருந்து வர்றோம்."

சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருபத்தாறு வீட்டு மூச்சும் நின்றது. பவதாரணிக்கு அது காதில் விழுந்த மாதிரியே இருந்தது. செருப்புச் சத்தம் நகர்ந்து நகர்ந்து வந்தது. அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு. பிறகு இந்தக் கதவு.

தட்டினாள். பூட்டு லேசாக ஆடி மரத்தில் இடித்தது.

"யாராவது இருக்கீங்களா?"

ஹேமலதா தங்கையைப் பார்த்தாள். பொத்துவதற்கு எடுத்த கையை மெல்லக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உன் இஷ்டம் என்று அர்த்தம். பவதாரணிக்கும் கதவுக்கும் நடுவில் மூன்றடிதான். ஒரு வார்த்தை போதும். நல்லா இல்லை என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் ஒன்றரை மைல் நடந்து வந்தாள். வாயைத் திறந்தாள்.

மூலையில் குமரவேலுக்கு இருமல் பொங்கியது. அவர் துண்டை இன்னும் உள்ளே திணித்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது, தோள் குலுங்கியது, ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை. பவதாரணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாக்கு எழவில்லை. எப்பேர்ப்பட்ட பயம் என்றால், தான் இங்கே இருப்பதே வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம்.

கதவுக்கு வெளியே அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். வெயில். பை ஜிப்பைத் திறக்கிற சத்தம். தண்ணீர் குடிக்கிற சத்தம். பிறகு, டிக்.

கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு டிக். பிறகு இன்னொன்று. கையடக்கத் திரையில் பதிலைத் தொடுகிற சத்தம். கேள்வியைப் படித்துத் தொட்டால் ஒரு டிக்குக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கூடும், குறையும். இது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பவதாரணிக்கு அந்தத் தாளம் அத்துப்படி. விரலை நகர்த்தாமல் 'மிகவும் நன்று' இருக்கிற வலது ஓரத்திலேயே தொட்டுக்கொண்டு போனால் அப்படித்தான் கேட்கும். தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தாள்.

பதினாறு. பதினேழு. பதினெட்டு.

செருப்புச் சத்தம் ஜெயசீலியின் வீட்டுப் பக்கம் போனது. ஹேமலதா ஓடிப்போய்ப் புருஷன் வாயிலிருந்து துண்டை உருவி, நெஞ்சைத் தேய்த்துவிட்டாள். பாயின் ஓட்டை வழியாக எதிர்க்கம்பத்துப் பலகை தெரிந்தது. தொண்ணூற்றிரண்டு.

மித்ரா சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் கேட்டாள்.

"சித்தி, நம்ம வீடு பாஸா?"

பவதாரணி, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.